பிழைக்க வந்த ஊரில் வாய்மை

‘நமக்கேன் வம்பு?’ என்னும் மொழி, பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களிற் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குலதர்மம் போலவே வழங்கி வருகிறது. பிள்ளை பள்ளிக்குப் புறப்படும்போதும், கணவர் அலுவலகம் செல்லும்போதும், அண்டை வீட்டில் பூசல் எழும்போதும் இம்மொழியே நம் காவல் தெய்வமாக நிற்கிறது. ஊரோடு ஒத்து வாழ வேண்டும், அரசியல் பேசலாகாது, கண்டதைக் கண்டதாகச் சொல்லலாகாது என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். நம் மக்களுக்கும் சொல்லி வருகிறோம்.

இதை வெறுங் கோழைத்தனம் என்று எள்ளி நகையாடுவது நம் கருத்தன்று. பெங்களூர் வாழ் தமிழர் இப்பாடத்தை ஏட்டிற் படித்தவர் அல்லர். பட்டுத் தெரிந்து கொண்டவர்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன, பல்லாயிரவர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினர். 2016 செப்டம்பர் 12 ஆம் நாள் மீண்டும் தீ மூண்டு, தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பேருந்துகள் வரிசையாகக் கருகின. அந்நாட்களில் வாயைப் பூட்டிக் கொண்டிருந்தவனே உயிர் பிழைத்தான். ஆதலின் மௌனத்தை நாம் பழித்துரைக்கவில்லை. ஆபத்து வந்த நாளில் நம்மைக் காத்த மௌனம், ஆபத்தில்லாத நாளிலும் நம் நாவில் குடியிருக்கலாமா என்பதே இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

இதனைச் சிந்திப்பதற்கு, நம்மைப் போலவே தமிழ்நாட்டிற் பிறந்து, பெங்களூரில் பல்லாண்டு வாழ்ந்து, வேற்று மொழி வழங்கும் நாட்டில் உண்மை பேசி, அதற்குரிய விலையைத் தம் உடலாற் செலுத்திய கிறிஸ்தவத் துறவி ஒருவரின் வரலாறு துணை செய்யும். அவர் இயேசு சபையைச் சேர்ந்த மறைத்திரு ஸ்டேன் சுவாமி அடிகளார்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937 ஏப்ரல் 26 ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஸ்தனிஸ்லாஸ் லூர்துசாமி. இளமையில் இயேசு சபையிற் சேர்ந்தார். 1965 ஆம் ஆண்டை ஒட்டி, அன்று பீகாரைச் சேர்ந்திருந்த சாய்பாசாப் பகுதிக்கு ஆசிரியப் பணிக்காக அனுப்பப்பட்டார். அங்கே பழங்குடி மாணவர்களோடு வாரச் சந்தைக்குச் செல்வது அவர் வழக்கம். மாணவரின் பெற்றோர் காட்டிலும் கழனியிலும் விளைந்த பொருள்களைச் சந்தைக்குக் கொணர்வர். வெளியூர் வணிகர் அவற்றை அடிமாட்டு விலைக்குப் பறித்துச் செல்வர். எளிய மக்கள் ஏமாற்றப்படுவதைக் கண்முன் கண்டும் ஒன்றும் செய்ய இயலாது நின்ற அந்த இளந் துறவியின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்தது. பின்னர் ஹோ இனத்தாரிடையே வாழ்ந்து அவர்தம் மொழியையும் கற்றார்.

அப்பழங்குடியினரிடையே ‘திக்கு’ என்றொரு சொல் உண்டு. வெளியிலிருந்து வந்து தம்மைச் சுரண்டி வாழும் அயலாரை அவர்கள் அவ்வாறு அழைப்பார்கள். தமிழகத்துத் துறவியும் அம்மக்களுக்கு அயலவரே. ஆயினும் அயலவர் எல்லாரும் ‘திக்கு’ ஆவதில்லை என்பதைத் தம் வாழ்வாற் காட்டுவதற்கு அவருக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. பிற மாநிலத்தில் வாழும் நாம் இச்சொல்லை நினைவிற் கொள்வது நலம்.

நிற்க. 1975 ஆம் ஆண்டில் அவர் பெங்களூர் பென்சன் டவுனில் உள்ள இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1986 வரை அப்பணியில் இருந்தார். சிற்றூர்களிலும் சேரிகளிலும் தொண்டு செய்வோர்க்குப் பயிற்சி அளிப்பது அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று. ஏழைக்கு உணவளிப்பதோடு நின்றுவிடாமல், அவன் ஏன் ஏழையானான் என்று ஆராயவும் வேண்டும் என்பதே அங்குக் கற்பிக்கப்பட்ட பாடத்தின் சாரம்.

அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்ட இடம் பெங்களூர் மத்தியச் சிறை. சேஷாத்திரி சாலையில் இன்று சுதந்திரப் பூங்கா என்று நாம் பிள்ளைகளோடு உலாவி வரும் இடமே அது.

அச்சிறையில் இருந்தோருள் சினேகலதா ரெட்டி என்னும் அம்மையாரை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். சென்னையில் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ‘சம்ஸ்காரா’ என்னும் புகழ்பெற்ற கன்னடத் திரைப்படத்தில் நடித்தவர். 1976 மே 2 ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். கடுமையான ஆஸ்த்துமா நோயாளியான அவர் சிறையில் தக்க மருத்துவமின்றி நலிந்தார். அந்நிலையிலும் உடனிருந்த ஏழைப் பெண் கைதிகளுக்காக அதிகாரிகளிடம் வழக்காடினார். 1977 ஜனவரி 15 ஆம் நாள் அவரைப் பரோலில் விடுத்தனர். ஐந்தே நாட்களில், 20 ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. அவர்மீது எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவ்வம்மையாரை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அன்று நாட்டை ஆண்டது காங்கிரசுக் கட்சி. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டேன் சுவாமி அடிகளார் சிறைப்பட்டபோது மத்தியில் ஆண்டது பாரதீய ஜனதாக் கட்சி. நோயுற்ற கைதி, மெய்ப்பிக்கப்படாத குற்றம், காலந் தாழ்ந்து வந்த கருணை என்னும் மூன்றும் இருமுறையும் ஒத்திருக்கின்றன. ஒரு கட்சியைச் சார்ந்தோர் முன்னதை மட்டும் பேசுவர். மற்றொரு கட்சியார் பின்னதை மட்டும் பேசுவர். இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லத் துணிபவரே பிளவுண்ட நாட்டில் உண்மை பேசுபவர் ஆவர்.

அடிகளாரின் வரலாற்றைத் தொடர்வோம். பெங்களூரில் மதிப்பும் பாதுகாப்பும் உள்ள பதவியில் இருந்தவர், பின்னர் மீண்டும் பழங்குடியினரிடமே சென்றார். முதலில் சாய்பாசாவிலும், பிறகு ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் அமைந்த ‘பகைச்சா’ என்னும் இல்லத்திலும் இருந்து பணியாற்றினார். அவர் அங்குப் பேசிய உண்மை என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் வீரமுழக்கம் எதுவும் அதில் இல்லை. பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை சிறப்புக் காப்பு அளிக்கிறது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. அத்தகைய பகுதிகளில் தனியார்க்குச் சுரங்கக் குத்தகை வழங்கலாகாது என்று 1997 இல் உச்சநீதிமன்றம் சமதா வழக்கிலே தீர்ப்பளித்தது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர்க்கு நிலவுரிமை தந்தது. இவையனைத்தும் ஏட்டில் உள்ளனவே, நாட்டில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். அரசு தானே இயற்றிய சட்டத்தை அரசுக்கே நினைவூட்டினார், அவ்வளவே.

மற்றொன்றும் செய்தார். மாவோயிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்கள் உண்மையில் யார் என்று ஆராயத் தொடங்கினார். அவரும் தோழர்களும் 102 விசாரணைக் கைதிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமக்கும் அவ்வியக்கத்திற்கும் தொடர்பில்லை என்று கூறினர். பெரும்பாலோர் திங்கள் வருமானம் ஐயாயிரம் ரூபாயையும் எட்டாத ஏழைகள். இவ்வாய்வு 2016 இல் வெளிவந்தது. இவர்களது வழக்குகள் ஏன் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன என்று கேட்டு ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்திலும் அவர் வழக்குத் தொடுத்தார். இஃது அம்மாநிலத்தின் துயர் மட்டுமன்று. 2022 ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், தீர்ப்பையே காணாத விசாரணைக் கைதிகள்.

பிறர்க்காகச் சிறைக் கணக்கெடுத்தவர் விரைவில் தாமே அக்கணக்கில் ஒருவரானார். 2017 டிசம்பர் 31 ஆம் நாள் புனே நகரில் நடைபெற்ற எல்கார் பரிஷத் கூட்டத்தையும், மறுநாள் பீமா கோரேகாவில் நிகழ்ந்த வன்முறையையும் ஒட்டி எழுந்த வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஜூனிலும் அவர் இல்லம் சோதனையிடப்பட்டது. தடை செய்யப்பட்ட மாவோயிஸ்டுக் கட்சியோடு அவர்க்குத் தொடர்பு உண்டு என்பது தேசியப் புலனாய்வு முகமையின் குற்றச்சாட்டு. பீமா கோரேகாவுக்குத் தாம் சென்றதே இல்லை என்றும், தம் கணினியில் கண்டதாகக் காட்டப்பட்ட தாள்கள் தம்முடையவை அல்ல என்றும் அடிகளார் மறுத்தார். 2020 அக்டோபர் 8 ஆம் நாள் இரவு, எண்பத்து மூன்றாம் அகவையில், அவர் கைது செய்யப்பட்டு மும்பைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதற்கு இரு நாள் முன்னர் ஒளிப்பதிவு செய்த தம் உரையில், தமக்கு நேர்வது தமக்கு மட்டும் நேர்வதன்று என்றும், கை கட்டிப் பார்த்திருப்பவராகத் தாம் இராமையால் அதற்குரிய விலையைத் தர ஆயத்தமாக இருப்பதாகவும் கூறினார்.

அவர்மீது பாய்ந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் இயல்பை நம் இல்லத்தார் அறிந்திருப்பது நன்று. குற்றச்சாட்டு மேலோட்டமாகவேனும் உண்மை போல் தோன்றினால் நீதிமன்றம் ஜாமீன் வழங்கலாகாது என்பது 2008 இல் அதிற் சேர்க்கப்பட்ட விதி. விசாரணை தொடங்குவதற்கே ஆண்டுகள் செல்லுமாயின், தீர்ப்புக்கு முன்னரே தண்டனை முடிந்துவிடும். அடிகளாரின் வரலாற்றில் அதுதான் நிகழ்ந்தது.

அவர் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் வருந்தியவர். குவளையைக் கையிற் பிடித்து நீர் அருந்த அவரால் இயலாது. உறிஞ்சுகுழலும் அதற்குரிய குவளையும் வேண்டுமென்று 2020 நவம்பர் 6 ஆம் நாள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். பதிலுரைக்கப் புலனாய்வு முகமை இருபது நாள் தவணை கேட்டது. 26 ஆம் நாள், அப்பொருள்கள் தன்னிடம் இல்லை என்றது. செய்தி பரவவே நாட்டின் பல பகுதிகளிலிருந்து மக்கள் அஞ்சலில் குழல்களையும் குவளைகளையும் அனுப்பத் தொடங்கினர். பின்னர்ச் சிறை அதிகாரிகள் குவளை தந்தனர். ஓர் உறிஞ்சுகுழலின் விலை என்ன? நம் வீட்டுக் குழந்தை பழரசம் பருகிவிட்டு எறிந்துவிடும் பொருள் அது.

சிறையிலிருந்து எழுதிய மடல்களில் தம் நோயைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. தம்மீதுள்ள குற்றம் இன்னதென்று அறியாமலும், குற்றப்பத்திரிகையைக் கண்ணாற் காணாமலும் ஆண்டுகளைக் கழிக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றியே எழுதினார். உண்ணவும் குளிக்கவும் தமக்கு உதவிய உடன்கைதிகளின் அன்பையும் குறித்தார்.

2021 மார்ச் 22 ஆம் நாள் தனி நீதிமன்றம் அவரது ஜாமீன் மனுவைத் தள்ளியது. மே 21 ஆம் நாள் ஒளிப்பட இணைப்பின் வழியே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் தோன்றினார். தலோஜாச் சிறைக்கு வந்தபோது தாமே நடக்கவும் உண்ணவும் எழுதவும் முடிந்தது என்றும், இப்பொழுது பிறர் ஊட்ட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று நீதிபதிகள் வினவியபோது, அதைவிடச் சிறையிலேயே துன்புற்று இறப்பது மேல் என்றும், ராஞ்சியில் தம்மவரோடு இருப்பதே தம் விருப்பம் என்றும் விடையளித்தார். மே 28 ஆம் நாள் நீதிமன்றம் பாந்திராவில் உள்ள திருக்குடும்ப மருத்துவமனையில் அவரைச் சேர்க்க ஆணையிட்டது. அங்கே அவர்க்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலை 5 ஆம் நாள், அவரது ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில், அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தியை நீதிபதிகள் கேட்டனர். ராஞ்சி மண்ணுக்கு அவரது சாம்பல் மட்டுமே சென்றது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்க நாட்டு ஆர்சனல் கன்சல்டிங் என்னும் கணினித் தடயவியல் நிறுவனம், அடிகளார் தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. 2014 முதல் 2019 வரை அவர் கணினியில் எவரோ ஊடுருவி, அவர் அறியாமலே கோப்புகளைப் புகுத்தினர் என்பது அதன் முடிவு. இத்தகைய அறிக்கைகளைப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. நீதிமன்றத்தில் இரு தரப்பும் சோதிக்கப்பட்டு ஒரு தீர்ப்பு வந்திருக்குமாயின் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை. குற்றமற்றவர் என்றும் தீர்ப்பில்லை. உண்மையைப் பேச நாம் துணிந்தால், உள்ளதை உள்ளவாறே சொல்லி, தெரிந்ததற்கு மேல் ஒன்றும் கூட்டாதிருக்கவும் வேண்டும். ஆனால் நடுங்கும் கையர் ஒருவர் குழலுக்காக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது என்பதற்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அது நடந்தது.

நாடு எவ்வளவு பிளவுண்டு கிடக்கிறது என்பதை அவர் இறந்த பின்னரும் கண்டோம். 2021 ஜூலை 19 ஆம் நாள், அவரது தொண்டின்பால் தமக்கு மதிப்பு உண்டு என்று உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாய்மொழியாகக் கூறினார். புலனாய்வு முகமையின் தரப்பில் மறுப்பு எழவே, சில நாட்களில் அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் கர்நாடகத்தில், மங்களூர் புனித அலோசியஸ் கல்லூரி அவ்வாண்டு அக்டோபரில் தன் பூங்கா ஒன்றுக்கு அவர் பெயரை இட முற்பட்டது. எதிர்ப்பு மூண்டமையால் அவ்விழா தள்ளி வைக்கப்பட்டது. நம் தருமபுரி மாவட்டத்தில் தனியார் நிலத்தில் அவர் நினைவாக ஒரு கல் நடுவதற்கும் அதிகாரிகள் தடை விதித்தனர்; பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. ஊருக்காக உயிர் நீத்தவர்க்கு நடுகல் எடுத்தல் தகடூர் நாட்டின் பழைய வழக்கம். வழிவழியாக நடுகற்கள் நின்ற அந்நிலத்தில், பழங்குடியினர்க்காக உயிர் தேய்ந்த ஒரு தமிழருக்குக் கல் நட நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று.

இனி, கிறிஸ்தவ சமயத்திற்கும் இத்துணிவிற்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். பிற சமயத்தாரான நம் வாசகர்களும் இதனை அறிதல் நன்று. விவிலியத்தில், தாவீது மன்னன் பிறன்மனை கவர்ந்து அவள் கணவனையும் போர்க்களத்தில் மடியச் செய்தபோது, நாத்தான் என்னும் இறைவாக்கினர் அரண்மனைக்குச் சென்றார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, மன்னன் வாயாலேயே தீர்ப்புக் கூறவைத்து, அம்மனிதன் நீயே என்று உணர்த்தினார். திருமுழுக்கு யோவான் ஏரோது மன்னனின் முறையற்ற மணத்தைக் கண்டித்துத் தலையை இழந்தார். இவ்விருவரும் பகை நாட்டு மன்னனை வைதவர் அல்லர். தம் நாட்டு மன்னனிடமே, அவன் முகத்துக்கு நேரே, எளியோர்க்கு இழைத்த தீங்கைச் சொன்னவர்கள். இவ்வழியில் வந்தவர்க்குக் கோயிலிற் செய்யும் வழிபாடும் சிறை வாயிலிற் கேட்கும் கேள்வியும் வேறு வேறாகத் தோன்றா.

அடிகளார் மறைந்த அதே 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள், இவ்வழி நின்ற வேறொரு தமிழரும் மறைந்தார். அவர் இலங்கையின் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. போர் முடிந்த பின் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 2011 ஜனவரி 8 ஆம் நாள் தோன்றி ஒரு கழித்தற் கணக்கைச் சொன்னார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர், அரசு அலுவலகக் கணக்குப்படி 4,29,059 பேர். 2009 ஜூலைக்குள் அரசின் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது? அவர் யாரையும் தூற்றவில்லை. எண்களையே அரசின் முன் வைத்துக் கணக்குக் கேட்டார். அதற்காகப் பழியும் விசாரணையும் அவரைத் தொடர்ந்தன.

பழங்குடிக் கைதிகளை எண்ணிய துறவியும், காணாமற்போனோரை எண்ணிய ஆயரும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றனர். உரத்த குரல் உண்மைக்குத் தேவையில்லை. விட்டுப்போனவர்களை விடாது எண்ணும் பொறுமை வேண்டும். எண்ணியதைத் தம் பெயரிலே சொல்லும் நேர்மை வேண்டும்.

இங்கு ஒரு தடை எழும். துறவிக்கு இது எளிது. மனைவி மக்களோடு வாடகை வீட்டில் வாழும் நாங்கள் என் செய்வது என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. சினேகலதா அம்மையார் கணவரும் இரு மக்களும் உடையவர் என்று சொல்லி வாயடைப்பது நம் நோக்கமன்று. சிறை செல்லுமாறு நாம் எவரையும் அழைக்கவில்லை. தினக்கூலியை நம்பி வாழும் தொழிலாளியிடமிருந்து, நிலையான ஊதியம் பெறுவோரிடம் எதிர்பார்க்கும் துணிவை எதிர்பார்ப்பதும் அறமன்று. ஆனால் அவரவர் நிலைக்கு ஏற்ற உண்மை அவரவர் வாயிலில் வந்து நிற்கத்தான் செய்கிறது.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். அடிகளார் யாருக்காக உழைத்தாரோ அந்த ஜார்க்கண்ட் மக்கள் இன்று பெங்களூரிலேயே இருக்கின்றனர். நம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவோரில் அவர்களும் உளர். 2020 இல் ஊரடங்கின் கொடுமையில் அவர்கள் ஊர் திரும்பத் துடித்தபோது, கட்டட முதலாளிகளோடு கலந்து பேசியபின் மே 5 ஆம் நாள் கர்நாடக அரசு அவர்களுக்கான இரயில்கள் வேண்டாமென்றது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அம்முடிவு மாறியது. ஒரு காலத்தில் கல்லும் மண்ணும் சுமந்து இந்நகரைக் கட்டியோரில் தமிழர் மிகப் பலர். இன்று வடக்கிலிருந்து வந்தவன் அதே சுமையைச் சுமக்கிறான். அவனை நம் வாயாலேயே ‘வந்தேறி’ என்று ஏசும் பேச்சு நம் வீட்டுக் கூடத்தில் எழும்போது, அது தவறு என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்துக்கு நாம் அஞ்ச வேண்டும்?

மற்றொன்று, நம் கைப்பேசியைப் பற்றியது. 2016 செப்டம்பர் 12 ஆம் நாள் பெங்களூரில் தமிழர் பேருந்துகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தாரின் உணவு விடுதி ஒன்று தாக்கப்பட்டதை நம்மில் எத்துணைப் பேர் நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம்? நம்மவன் அடிபட்ட படத்தை நூறு பேருக்கு அனுப்புகிறோம். நம்மவன் அடித்த செய்தியை அழித்துவிடுகிறோம். அயலார் செய்த தீமையைச் சொல்வதற்கு வீரம் வேண்டியதில்லை. நம்மவர் செய்ததையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அச்சொல் வாய்மை என்னும் பெயருக்கு உரியதாகிறது. கன்னட நண்பர் நம்மை நம்பத் தொடங்குவதும் அப்பொழுதே. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே திங்களில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டதும் இத்தகைய நம்பிக்கையினால்தான்.

நம் முன்னோர் உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள் வைத்தனர். உள்ளத்தில் நிற்பது உண்மை. வாயில் வருவது வாய்மை. மெய்யாகிய உடலின் செயலில் விளங்குவது மெய்ம்மை என்று அறிஞர் பொருள் விரிப்பர். புலம்பெயர்ந்து வாழும் நம்மில் பலர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். நெஞ்சுக்குத் தெரியும், வாய்க்கு வருவதில்லை. விரகாலூரிற் பிறந்த அடிகளாரோ மூன்று படிகளையும் ஏறினார். கடைசிப் படியை அவர் நடுங்கும் கால்களோடு ஏறினார்.

அவர் மறைந்த சில வாரங்களில், அவர் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய பெங்களூர் இந்தியச் சமூக நிறுவனமே அவருடைய எழுத்துகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டது. ‘நான் வாய்மூடிப் பார்த்திருப்பவன் அல்லேன்’ என்பது அதன் பெயரின் பொருள். பென்சன் டவுன் நம்மில் பலருக்கு ஒரு பேருந்துத் தொலைவே. வாய்ப்புள்ள இல்லத்தார் அந்நூலைத் தேடிப் படித்து, இளைஞர்க்கும் படிக்கத் தருவார்களாக. பிறகு வீட்டில் ஒருநாள் உணவின்போது, இவ்வாரம் நாம் கண்டும் சொல்லாமல் விட்ட உண்மை யாது என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால் நமக்கு வந்திருக்கக்கூடிய இழப்பு எவ்வளவு, சொல்லாததால் வேறொருவருக்கு வந்த இழப்பு எவ்வளவு என்று இரண்டையும் எடை போடுங்கள். பெரும்பாலான வாரங்களில் நம் பக்கத்துத் தட்டு மிக இலேசாகவே இருக்கும். அவ்வாரங்களிலேனும் ‘நமக்கேன் வம்பு?’ என்னும் மொழியை விடுத்து, கண்டதைச் சொல்லப் பழகுவோமாக.